உன் ரயிலூடு நிற்கிறது, தியாகு

என் பிரியத்துக்குரிய மாப்ளே தியாகு,

கட்டடம் நன்றாக இருக்கிறது. மற்ற எதற்கும் முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேசினால் உனக்குப் பொறுக்காது. "சேதிய மொதல்ல சொல்லு மச்சான், கதைய அப்பறம் கேட்டுக்கறேன்" என்பாய். சேதி இதுதான்: விரிசல் தரையின் மேல்பூச்சோடு நின்றுவிட்டது. அடியில் இருக்கிற கான்கிரீட்டில் ஒரு கீறல்கூட இல்லை. முப்பத்திரண்டு குடும்பங்களும் அவரவர் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். இரண்டு வாரத்துக்குப் பிறகு போன வாரம்தான் நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

நாம் படித்த சேலம் கல்லூரியின் பழைய மாணவர் மலருக்கு உன்னைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். உட்கார்ந்து பார்த்தேன், உன்னைப் பற்றி எழுத வரவில்லை. உனக்கு எழுதினால் வருகிறது. அதனால் உனக்குத் தெரிந்த சில விஷயங்களையும் இதில் சொல்வேன். படிக்கிற மற்றவர்களுக்காக அது. நீ பொறுத்துக்கொள்.

நீ கட்டடக் கலை, நான் சிவில். விடுதியில் ஒரே அறை. பிறகு உன் அக்கா சாவித்திரியை நான் கட்டிக்கொண்டேன். கல்யாணத்தன்று உன் அம்மா உன்னைக் கூப்பிட்டு, "இனி அவர வாங்க போங்கன்னுதான் கூப்புடோணும்" என்று கண்டித்தார்கள். ஒரு வாரம் கூப்பிட்டாய். எட்டாம் நாள் மறுபடியும் "ஏன்டா மச்சான்" ஆகிவிட்டது. நீ நெதர்லாந்துக்கு நகரமைப்பு படிக்கப் போனாய். நான் நாமக்கல்லில் கோழிப்பண்ணைக் கொட்டகைக்கும், லாரி பாடி கட்டும் பட்டறைக்கும், கல்யாண மண்டபத்துக்கும் கம்பிக் கணக்குப் போட்டுக்கொண்டு இருந்துவிட்டேன்.

ரோட்டர்டாமிலிருந்து நீ எழுதிய முதல் கடிதங்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. இரண்டாம் உலகப் போரில் அந்த நகரத்தின் நடுப்பகுதியே குண்டு விழுந்து எரிந்துபோனதைப் பற்றி எழுதினாய். சாம்பலை அள்ளிவிட்டு, வெள்ளைத் தாளில் புதிதாக ஒரு ஊரை வரைந்தார்கள் என்று எழுதினாய். அகலச் சாலை, வெளிச்சம், காற்று. குடியிருக்க ஓரிடம், வேலைக்கு ஓரிடம், கடைக்கு ஓரிடம். கார் நுழையாத கடைவீதி ஒன்று இருக்கிறது, அங்கே நடந்தால் பாதையே நமக்குச் சொந்தம் மாதிரி இருக்கிறது என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நான் பொறாமைப்பட்டேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாம் வருஷம் உன் கடிதங்களின் குரல் மாறியது. ஏன் என்று எனக்குப் புரியவில்லை. நானும் சாவித்திரியும் அங்கே வந்தபோதுதான் புரிந்தது.

ஏழாவது மாடியில் இருந்தாய். போருக்குப் பிறகு வரிசை வரிசையாக எழுப்பிய நீளமான குடியிருப்புகளில் ஒன்று. உன் பக்கத்து வீட்டில் ஹென்னி என்று எண்பது தாண்டிய அம்மா. அவர் சொல்லச் சொல்ல நீ தமிழில் சொன்னாய். போர் முடிந்து பல வருஷம் அவர்கள் குடும்பம் யார் வீட்டிலோ ஓர் ஒற்றை அறையில் இருந்திருக்கிறது. கல்யாணம் ஆகி, இந்த வீட்டுச் சாவி கைக்கு வந்த அன்று, குழாயைத் திறந்து வெந்நீர் வருவதைப் பார்த்து அழுதாராம். "இந்தக் கட்டடத்தைத் திட்டுகிறவர்கள் யாரும் அந்த ஒற்றை அறையில் இருந்ததில்லை" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார், மூன்று கதவு தள்ளி யார் இருக்கிறார்கள் என்று தனக்கு இப்போது தெரியாது என்று.

சாவித்திரி வெளியே வந்து, வீடுகளுக்கு முன்னால் ஓடிய வராண்டாவில் நின்று பார்த்தாள். "ஏன் சாமி, இங்க யாரும் வெளிய உக்காந்து பேசமாட்டாங்களா?" என்று உன்னைக் கேட்டாள். நீ பையிலிருந்து டேப்பை எடுத்து அளந்தாய். நாலடி. "ஒரு நாற்காலி போட்டா இன்னொருத்தர் போக முடியாது அக்கா. அதனால யாரும் போடறதில்ல" என்றாய்.

அன்று லிஃப்ட் வேலை செய்யவில்லை. பல நாளாகவே வேலை செய்யவில்லையாம். அந்த வரிசையை இடிப்பதா வைத்துக்கொள்வதா என்று படிப்பு முடிந்து நீ வேலைக்குச் சேர்ந்த அலுவலகத்தில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஐரோப்பாவின் வேறு ஊர்களில் இப்படிப்பட்ட கட்டடங்களை வெடிவைத்தே இறக்குகிறார்கள் என்றாய். ஏழு மாடியையும் நடந்து இறங்கும்போது நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. "கட்டினது தப்பில்ல மச்சான். அன்னிக்கு அத்தன பேருக்கும் ஊடு வேணும், கட்டினாங்க. கட்டி முடிச்சுட்டுத் திரும்பிப் பாக்காம போனாங்க பாரு, அதுதான் தப்பு."

அதற்குப் பிறகு இரண்டு வருஷத்தில் வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊரான குமாரபாளையத்துக்கே வந்துவிட்டாய். மேட்டூர் நிரம்பி உபரித் தண்ணீர் திறந்தால் ஆற்றோரத் தெருக்களில் தண்ணீர் ஏறும் என்பது நமக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆட்களைக் கல்யாண மண்டபத்துக்குக் கொண்டுபோய் வைப்பார்கள். தண்ணீர் வடிந்ததும் அதே வீட்டுக்குப் போய்ச் சேற்றை வழித்துப் போடுவார்கள். நெசவாளர் வீட்டுவசதிச் சங்கத்தின் தலைவர் பழனியப்பன் அண்ணன் மேட்டில் ஓர் இடம் வாங்கியிருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் நீயாகவே போய் நின்றாய். "அங்க போரு முடிஞ்சு ஊடில்லாம நின்னாங்க. இங்க வருஷா வருஷம் ஆறு வந்து ஊட்டக் கேக்குது. ரெண்டும் ஒண்ணுதான் மச்சான்" என்று என்னிடம் சொன்னாய்.

மாடி வீடு என்றதும் முதலில் எதிர்த்தது பாவாயி அக்கா. தறிக்கு நூல் சுற்றுகிற வேலை அவருக்கு. எதையும் மனசுக்குள் வைத்துக்கொண்டு இருக்கத் தெரியாத மனுஷி. "ஏனுங்க, எங்களைய புறாக் கூண்டுல போட்டு அடைக்கப் பாக்கறீங்களா?" என்று உன் முகத்துக்கு நேரே கேட்டார். நீ கோபப்படவில்லை. நாலு மாதம் அவர்கள் வீடுகளில் உட்கார்ந்து, எங்கே சமைக்கிறார்கள், எங்கே தூங்குகிறார்கள், யார் யாரோடு பேசிக்கொண்டு வேலை செய்கிறார்கள் என்று பார்த்தாய். தறிகளை ஊருக்கு வெளியே ஒதுக்கச் சொன்னவர்களிடம், முடியாது என்றாய். வீட்டிலிருந்து இருபது தப்படி நடந்தால் தறிக்கூடம் இருக்க வேண்டும், வீட்டில் குழந்தை அழுதால் தறியடியில் கேட்க வேண்டும் என்றாய். கீழே எட்டு, மாடிக்கு எட்டாக மூன்று மாடி. லிஃப்ட் கெட்டுப்போகும் என்ற கவலையே வேண்டாம், நடந்து ஏறுகிற உயரம் போதும். ஒவ்வொரு மாடியிலும் வீடுகளுக்கு முன்னால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒன்பதடி அகலத்தில் வராண்டா.

அந்த ஒன்பதடியில்தான் நமக்குச் சண்டை வந்தது.

கீழே நூல் மூட்டையோடு டெம்போ திரும்ப வேண்டும், அதனால் வராண்டாவுக்குத் தூண் கூடாது என்றாய். தூண் இல்லாமல் ஒன்பதடி வெளியே நீட்டுவது வேண்டாத வம்பு, ஆறடியில் முடித்துக்கொள் என்றேன். நாமக்கல்லில் என் ஆபீஸில், வேலையாட்கள் முன்னால், "நீ கோழிக் கொட்டாய்க்குத்தான்டா லாயக்கு" என்றாய். இரண்டு நாள் உட்கார்ந்து நீ கேட்ட ஒன்பதடிக்கே கணக்குப் போட்டு, படம் வரைந்து, உன் மேஜையில் வீசிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு ஆறு மாதம் நாம் பேசவில்லை. சாவித்திரி நடுவில் நின்று இரண்டு பேரையும் திட்டினாள்.

இரண்டாம் மாடிக்குக் கான்கிரீட் போடுகிற அன்று காலையில் நீ போன் செய்தாய். மூன்று தடவை. நான் எடுக்கவில்லை.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கம்பி கட்டி முடித்ததும், கான்கிரீட் விழுவதற்கு முன்னால், கணக்குப் போட்டவன் போய்ப் பார்க்க வேண்டும். வெளியே நீட்டிய தளத்துக்குக் கம்பி மேல்பக்கத்தில் இருக்க வேண்டும். ஆட்கள் மிதித்து அது கீழே இறங்கிவிட்டால், தாளில் எத்தனை சரியாகக் கணக்குப் போட்டிருந்தாலும் பயன் இல்லை. கீழ் மாடிக்கு உன்னோடு பேசாமலே போய்ப் பார்த்திருந்தேன், மேல் மாடிக்கும் பிறகு போனேன். இரண்டாம் மாடிக்குப் போகவில்லை. ரோஷம்.

பிறகு உனக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்ததும் ரோஷமெல்லாம் எங்கே போனது என்றே தெரியவில்லை. ஈரோட்டு ஆஸ்பத்திரிக்கு நான்தான் காரில் கூட்டிக்கொண்டு போவேன். குடும்பங்கள் குடிவந்த முதல் மாதங்களில் ஒருநாள் உன்னைக் கட்டடத்தைப் பார்க்கக் கூட்டிப் போனேன், ஞாபகம் இருக்கிறதா? மத்தியான நேரம். மூன்று மாடியிலும் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. ஒன்பதடி வராண்டாவில் ஒரு ஆள் இல்லை. நீ நடுவில் நின்று இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் பார்த்தாய். காரில் ஏறிய பிறகு கேட்டாய், "ரோட்டர்டாமக் கொண்டாந்து குமாரபாளையத்துல வெச்சுட்டனா மச்சான்?"

நான் வண்டியைக் கிளப்பினேன். அதற்கு அடுத்த மாதம் நீ எங்களை விட்டுப் போய்விட்டாய். அன்று காரில், இல்லை என்று ஒரு வார்த்தை பொய்யாவது சொல்லியிருக்கலாமோ?

இந்த ஆனி மாதம் ஒருநாள் காலையில் பழனியப்பன் அண்ணன் கூப்பிட்டார். "ஏனுங்க எஞ்சினியரே, ரெண்டாம் மாடி வராண்டாவுல செவத்தோரமா ஒரு வெடிப்பு உட்டிருக்குதுங்க. இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் ஓடுது. கொஞ்சம் வந்து பாருங்க." அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். சுவரோரம் என்றால் தளம் கட்டடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிற இடம். அதுவும் இரண்டாம் மாடி.

திருச்செங்கோடு வழியாக வண்டியை எப்படி ஓட்டிக்கொண்டு போனேன் என்று தெரியாது. போய்ப் பார்த்தேன். எட்டு வீட்டு நீளத்துக்கும் ஒரே கோடாக ஓடியது. ஒரு ரூபாய்க் காசை நிறுத்தி நுழைக்கலாம் போல இருந்தது. நான் குனிந்து பார்ப்பதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிமிர்ந்ததும் ஒருவர், "வெளிநாட்டுல படிச்சவரு கட்டினதுங்க, நம்மூருக்கு ஒத்து வருமா?" என்றார். தறி அதிர்ச்சியில் வெடித்திருக்கிறது, இடித்துவிட்டு வேறு கட்டுவதுதான் நல்லது என்று இன்னொருவர் சொன்னார். உன்னைச் சொல்லும்போது எனக்குச் சுருக்கென்றது. அது என் கணக்காயிற்றே, நான் வராமல் போன நாளாயிற்றே.

சோதித்து முடிக்கும்வரை யாரும் இருக்கக்கூடாது என்றேன். எல்லா மாடி வீட்டுக்கும் வழியே அந்த வராண்டாக்கள்தான், கீழ் வீடுகள் அதற்கு அடியில். ஆக முப்பத்திரண்டு குடும்பமும் கிளம்ப வேண்டும். எங்கே போவார்கள்? அதே கல்யாண மண்டபம்தான்.

"மறுக்காவும் மண்டபத்துக்குங்களா?" என்று கேட்டார் பாவாயி அக்கா. அவர் சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகக் கேட்டார். "வெள்ளம் வந்தாத்தான் போவோம். இப்ப ஆத்துல தண்ணியே இல்லீங்களே."

வீட்டுக்கு வந்து அந்தப் பழைய ஃபைலைத் தேடி எடுத்தேன். கோபத்தில் பேனாவை அழுத்தி எழுதியதில் எழுத்து மறுபக்கத்தில் புடைத்துக்கொண்டிருந்தது. மூன்று நாள் முதலிலிருந்து கணக்குப் போட்டேன். தப்பு இல்லை. ஆனால் தாளில் தப்பு இல்லை என்பதை வைத்து யாரையாவது அந்த வராண்டாவில் நிற்கச் சொல்ல முடியுமா? கம்பி எங்கே இருக்கிறது?

சாவித்திரி டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "என்னத்தையோ முழுங்கிட்டு இருக்கறீங்க. சொல்லுங்க" என்றாள். போனை எடுக்காத கதையைச் சொன்னேன். உன் அக்கா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் டீயை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். பிறகு, "அன்னிக்கு நின்ன கொத்தனாரு யாரு? அவரக் கேளுங்க" என்றாள். எனக்கு அது தோன்றவே இல்லை, பார்.

கொத்தனார் ஆறுமுகம் இப்போது எடப்பாடிப் பக்கம் ஒரு வேலையில் இருக்கிறார். தேடிப் போனேன். சாரத்திலிருந்து இறங்கி வந்தார். நான் கேள்வியை முடிப்பதற்குள் சிரித்தார்.

"அதய ஏனுங்க கேக்கறீங்க! அன்னிக்கு தியாகு ஐயா எங்க உசுர வாங்கிட்டாருங்க. கம்பி மேல ஒருத்தன் கால் வெக்கக்கூடாதுன்னு பலகை போட்டு, பலகை மேலதான் நடக்கோணும்னு சொல்லிட்டாரு. நெம்ப வெயிலுங்க. குடை வேண்டாம்னுட்டாரு. மட்டக்கோல வெச்சுக்கிட்டு, குப்புறப் படுத்துப் படுத்துப் பாத்துக்கிட்டே வந்தாரு. நான் கேட்டனுங்க, எஞ்சினியரு வரலீங்களான்னு. அவரு கணக்கு தப்பாதுய்யா, நாமதான் அதய கெடுத்துறக் கூடாதுன்னாரு."

தியாகு, நான் அங்கே கொட்டியிருந்த மணல் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆறுமுகம் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

ஆனாலும் உன் வார்த்தையையும் ஆறுமுகத்தின் வார்த்தையையும் மட்டும் வைத்து நான் முடிவு சொல்லக்கூடாது அல்லவா? கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியரை வரவழைத்தோம். கட்டடத்தைக் கட்டியதில் சம்பந்தம் இல்லாத ஒருவர் கூட இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன். முதலில் வெடிப்பு ஓடிய இடத்தில் தரையைக் கொத்திப் பார்த்தோம். மேல்பூச்சு தனியாக, அப்பளம் மாதிரிக் கழன்று வந்தது. அடியில் ஈரம். ஈரத்துக்கு அடியில் கான்கிரீட் சுத்தமாக இருந்தது. நான் விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். ஒரு கோடுகூட இல்லை. பேராசிரியர் கம்பியைக் காட்டுகிற கருவியைத் தளத்தின்மேல் நகர்த்திக்கொண்டே போனார். நான் வரைந்த இடத்தில், நான் வரைந்த ஆழத்தில் ஒவ்வொரு கம்பியும் இருந்தது. எட்டு வீட்டு நீளத்துக்கும்.

பிறகு பாரம் ஏற்றிப் பார்த்தோம். மூன்று வீட்டு நீளத்துக்கு வராண்டாவில் சுற்றிலும் செங்கல் வைத்துத் தொட்டி மாதிரிக் கட்டினோம். சங்ககிரியிலிருந்து லாரித் தார்ப்பாய் வந்தது. அதை விரித்து, ஒன்றேகால் அடி உயரத்துக்குத் தண்ணீர் விட்டோம். கல்யாணத்துக்கு ஆட்கள் நெருக்கியடித்து நின்றால் வருகிற பாரத்தைவிட அது அதிகம். கீழே, ஒருவேளை இறங்கினால் தாங்குவதற்கு, தளத்தைத் தொடாமல் கொஞ்சம் இடைவெளி விட்டு முட்டுக் கொடுத்திருந்தோம். தளம் ஒரு மயிரிழை தாழ்ந்தாலும் காட்டுகிற முள் வைத்த கருவிகளை ஓரத்தில் பொருத்தினோம். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நிற்க வேண்டும்.

மண்டபத்திலிருந்து எல்லோரும் வந்துவிட்டார்கள். கிட்டே வரக்கூடாது என்று கயிறு கட்டியிருந்ததால் தறிக்கூடத்து நிழலில் நின்று, மேலே நிற்கிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆற்றைப் பார்த்துப் பயந்து ஓடிவந்தவர்கள் தங்கள் வீட்டு வாசலில் தண்ணீர் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாவாயி அக்கா மட்டும் கயிற்றை ஒட்டியே நின்றார்.

"ஏனுங்க, அது எவ்வளவு எறங்கோணும்?" என்று கேட்டார்.

"கொஞ்சம் இறங்கும்மா. இறங்கறது தப்பில்ல. தண்ணிய எடுத்ததும் திரும்ப மேல வரணும். அதுதான் முக்கியம்."

"வந்துருமுங்களா?"

"பாக்கலாம்" என்றேன்.

மறுநாள் காலையில் தண்ணீரைத் திறந்துவிட்டோம். வாசலெல்லாம் ஓடித் தறிக்கூடத்துப் பக்கம் போனது. முள் நகர ஆரம்பித்தது. நான் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். அன்று முழுக்க அது மெல்ல மெல்ல ஏறி, அடுத்த நாள் காலையில், ஆரம்பித்த இடத்துக்குக் கிட்டத்தட்ட முழுசாக வந்து நின்றது. பேராசிரியர் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு என் தோளைத் தட்டினார். "நல்லா கட்டியிருக்கீங்க சார்" என்றார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்து, எல்லோரும் வரலாம் என்று கையைக் காட்டினேன். என்னால் அவ்வளவுதான் முடிந்தது.

வெடிப்புக்குக் காரணம் என்ன தெரியுமா? பஞ்சு. தறிக்கூடத்திலிருந்து பறந்து வருகிற பஞ்சுத் தூசி வராண்டாவின் மழைநீர்க் குழாய் வாய்களில் சேர்ந்து, சோறு மாதிரிக் குழைந்து அடைத்திருக்கிறது. தேங்கின தண்ணீர் சுவரோரமாக இறங்கி, பூச்சைத் தூக்கிவிட்டது. இரண்டு வருஷமாக அந்தக் குழாய்களை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் போவது தப்பு என்று ஏழு மாடி இறங்கிக்கொண்டே நீ சொன்னாயே. கேட்டுக்கொண்டிருந்தவன் நான்.

சாமான்களைத் திரும்ப ஏற்றும்போது பாவாயி அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன், காரில் நீ கேட்ட கேள்வியை. இங்கே இருப்பது எப்படி இருக்கிறது, பழைய தெருவிலேயே இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறதா என்று. அவர் தலையில் இருந்த பாத்திர மூட்டையை இறக்கி வைத்தார்.

"மொத ஆறு மாசம் கதவச் சாத்திக்கிட்டுத்தானுங்க கெடந்தோம். வெளிய வந்து உக்காந்தா மத்தவிய என்ன சொல்லுவாங்களோன்னு ஒரு கூச்சம். அப்பறம் சித்திரையில ஒருநாள் கரண்டு போச்சு பாருங்க, புழுக்கம் தாங்க முடியல. நான்தான் மொதல்ல கட்டிலத் தூக்கி வெளிய போட்டேன். போட்டுப் பாத்தா, கட்டிலும் கெடக்குது, சைக்கிளும் போவுது! அப்பறம் பக்கத்து ஊட்டுல இருந்து ஒருத்தி வந்தா, அக்கட்டால ஒருத்தி வந்தா. இப்ப நூல் சுத்தறது, சேலைக்கு முடிச்சுப் போடறது, புள்ளைங்க படிக்கறது எல்லாமே வராண்டாதானுங்க. ரயிலு மாதிரி நீளமா இருக்குதுன்னு இதுக்கு ரயிலூடுன்னே பேரு வெச்சுட்டாங்க. பஸ்ஸுல ரயிலூட்டுக்கு ஒரு டிக்கெட்டுன்னு கேட்டா குடுக்கறாங்க, பாருங்களேன். மண்டபத்துல ரெண்டு வாரம் எனக்கு ஊடு ஞாபகம் வரலீங்க. வராண்டாதான் ஞாபகம் வந்துச்சு."

இல்லை, மாப்ளே. நீ ரோட்டர்டாமைக் கொண்டுவந்து வைக்கவில்லை. இரண்டு வருஷம் தாமதமாகச் சொல்கிறேன். இப்போது சொல்வது பொய்யும் இல்லை. நீ கொஞ்சம் அவசரப்பட்டுப் பார்த்துவிட்டாய், அவ்வளவுதான். ஆட்கள் ஒரு இடத்துக்குப் பழக ஒரு கோடைகாலமாவது வேண்டியிருக்கிறது. உனக்கு அது கிடைக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறாத ஒன்று.

சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, இரண்டாம் மாடிக்குக் கம்பி பார்க்க நான் வராமல் போனதை எல்லோருக்கும் சொன்னேன். மச்சினனோடு சண்டை என்பதையும் சொன்னேன். பழனியப்பன் அண்ணன், "அதுதான் இப்ப வந்துட்டீங்கல்லங்க. உக்காருங்க" என்றார். பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "என்ற ஊட்டுக்காரருக்கும் அவரு மச்சினனுக்கும் பத்து வருசமாப் பேச்சு இல்லீங்க" என்றது. கூட்டமே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்த நாளிலிருந்து நான் அப்படிச் சிரித்ததில்லை.

அன்று சாவித்திரியும் வந்திருந்தாள். நீ போன பிறகு அவள் அந்தக் கட்டடத்தின் பக்கமே வந்ததில்லை. உன் உடம்பை அதுதான் தின்றுவிட்டது என்று அவளுக்கு ஒரு கோபம். கூட்டம் முடிந்ததும் தனியாகப் படியேறிப் போனாள். தேடிப் போனால், மூன்றாம் மாடியில் வராண்டாக் கோடியில் நின்று ஆற்றையும் பவானிப் பாலத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கடைசி வீடு பூட்டியிருந்தது. திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போன குடும்பத்தின் வீடு. ஒரு வருஷமாகப் பூட்டியே கிடக்கிறதாம்.

"இத வாடகைக்குக் கேளுங்க" என்றாள்.

"யாருக்கு?"

"நமக்குத்தான். நாமக்கல்லுல நாம ரெண்டு பேரு அவ்வளவு பெரிய ஊட்டுல என்ன பண்ணறோம்? கணக்குப் போட்டவிய இங்கயே குடியிருந்து பாக்கட்டும். குழாயில பஞ்சு அடைச்சா மொதல்ல நம்ம வாசல்லதான தண்ணி நிக்கும்."

கேட்டேன். திருப்பூர்க்காரர்கள் சரி என்றார்கள். அவர்கள் திரும்பி வருகிற அன்று காலி செய்து கொடுத்துவிடுவோம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறோம். சங்கமும் ஒப்புக்கொண்டது. ஆபீஸை நாமக்கல்லிலேயே வைத்துக்கொள்கிறேன், தினமும் பஸ்ஸில் போய்வருவேன். வருகிற வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுகிறோம். பாவாயி அக்கா இப்போதே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார், கதவைச் சாத்திக்கொண்டு இருக்கக்கூடாதாம்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், தியாகு. மழைக்கு முன்னால் ஒவ்வொரு வருஷமும் மூன்று மாடிக் குழாய் வாய்களையும் என் கையாலேயே சுத்தம் செய்வேன். என்னால் குனிய முடியாமல் போகிற வருஷம் யார் செய்ய வேண்டும் என்பதையும் இப்போதே சங்கத்து நோட்டில் எழுதி வைத்துவிடுவேன். சாயங்காலத்தில் வெளியே உட்காருவேன். யார் போன் செய்தாலும், எத்தனை கோபம் இருந்தாலும், முதல் மணியிலேயே எடுப்பேன்.

மூன்றாம் மாடிக் கடைசி வீட்டுக்குக் குடிபோகிற,
உன் அக்கா சாவித்திரியின் வீட்டுக்காரன்,
உன் மச்சான்
குமரேசன்